கேசிங்கோடு சேர்ந்து வரும் பெட்டி

சொந்தமாகக் கணினி பொருத்த நினைப்பவருக்குக் கடையில் எழுதிக் கொடுக்கும் விலைப்பட்டியலில் புரோசசருக்கு முழுப்பெயர் இருக்கும். மதர்போர்டுக்கு மொடல் இலக்கம் இருக்கும். ராம் எத்தனை ஜிபி, என்ன வேகம் என்பதும் இருக்கும். பவர் சப்ளைக்கு மட்டும் பெரும்பாலும் தனி வரி கிடையாது. ‘கேசிங், பவர் சப்ளையுடன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சுவரிலிருந்து வரும் கரண்டுக்கும் காசு கொடுத்து வாங்கிய மற்ற எல்லாப் பாகங்களுக்கும் நடுவில் நிற்பது பெயர் எழுதப்படாத அந்தப் பெட்டிதான். கையில் காசு குறைவாக இருப்பவர் கணினியைத் தெரிவுசெய்யத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான் என்பது என் வாதம். எந்த ஊருக்கும் பொருந்தும் இந்த வாதம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது.

யுத்த காலத்தில் அறுந்துபோன குடாநாட்டு மின்சாரம் தேசிய மின்வலையோடு மீண்டும் சேர்ந்தது 2013இல்தான், கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ற் கம்பி இழுக்கப்பட்ட பிறகு. சேர்ந்த பின்னும் நிம்மதி முழுதாக வந்துவிடவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தது. 2020 ஆகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் இலங்கை முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற தீவுகளில் உள்ளூர் ஜெனரேற்றர்தான் கரண்ட் தந்து வந்திருக்கிறது. அங்கே சூரியசக்தியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியோடு ஒப்பந்தம் எழுதியதே 2024இல்தான்.

கரண்ட் போவதைவிட, போய்ப் போய் வருவதுதான் கணினிக்குக் கேடு. திரும்பி வரும் கணத்தில் வோல்ற் அளவு தாறுமாறாக ஏறி இறங்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டரும் நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் அதே கணத்தில் சேர்ந்து இழுக்கும். தரமான பவர் சப்ளை ஒன்று, உள்ளே வரும் மின்சாரம் அறுந்தாலும் ஏறக்குறைய 17 மில்லி செக்கன் வரை தன் சேமிப்பைக் கொண்டு கணினியைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி செக்கன் ஆகும். ஒரு சுற்றுக்குக்கூடக் காணாத அந்த இடைவெளிக்குள் யூபிஎஸ் பாய்ந்து பிடித்துவிட்டால் எழுதிக்கொண்டிருந்த கோப்பும் தப்பும், எஸ்எஸ்டியும் தப்பும். மலிவுப் பெட்டிகளில் சேமித்துக் கொடுக்கும் கொள்ளளவியும் சிறியது, ஏற்றத்தை உறிஞ்சிக்கொள்ளும் பாகமும் பெரும்பாலும் இருக்காது. அது இருக்க வேண்டிய இடத்தில் சர்க்யூட் பலகையில் வெறும் துளைகள்தான் இருக்கும். (திறந்து பார்க்க வேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும்.)

திறக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபலைப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 500 வாற்ஸ் என்று போட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, கீழே உள்ள அட்டவணையில் 12 வோல்ற்றுக்குரிய கட்டத்தில் எத்தனை அம்பியர் என்று தேடுங்கள். இன்றைய கணினியில் புரோசசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் உண்பது அந்த 12 வோல்ற்றைத்தான். அங்கே 18 அம்பியர் என்று இருந்தால் 12 தர 18, ஆக 216 வாற்ஸ்தான் பயன்படும். நேர்மையான 450 வாற்ஸ் பெட்டியில் அதே கட்டத்தில் 36 அம்பியர் அளவில் இருக்கும். 80 பிளஸ் முத்திரை நல்ல அறிகுறிதான். ஆனால் அது அளப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே. இடிமழையில் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்காது.

பவர் சப்ளையில் காசு போட்டால் கணினியின் வேகம் கொஞ்சமும் கூடாதே, அந்தக் காசை ஒரு படி மேலான புரோசசரில் போட்டால் ஒவ்வொரு நாளும் பலன் தெரியுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் வாரண்டி அட்டையில் இருக்கிறது. இலங்கைக் கடைகள் பலவற்றின் நிபந்தனைகளில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று அச்சிட்டிருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். அதே நிபந்தனைகளில் கருகிய அடையாளம், மின்னல், வோல்ற் ஏற்றம், துரு, பூச்சி ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்றும் பெரும்பாலும் இருக்கும். கடற்காற்று அடிக்கும், ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் இடி இறங்கும் ஓர் ஊரில் கணினி சாகக்கூடிய வழிகளில் பாதிக்குமேல் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. போன பாகத்தைத் திரும்ப வாங்கும் விலையோ நம் கையில் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாவளவில் இருந்தது மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறங்கிய பின்னும் 300க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். ராமின் கதை இன்னும் மோசம். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கு நினைவகச் சில்லுகள் அள்ளிப்போகப்பட, 2025 இறுதியில் உலகெங்கும் ராம் விலை ஏறியது. குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக மைக்ரோன் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில் வாங்கிய பாகத்தைச் சாகாமல் காப்பதே பெரிய சிக்கனம்.

வேகத்தையும் முழுதாகத் துறக்கத் தேவையில்லை. கிராபிக்ஸ் கார்ட்டைப் பின்போட்டால் காசு மிஞ்சும். ரைசன் 5 5600ஜி, கோர் ஐ3 12100 போன்றவற்றில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஐ3 பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து வந்தால் அது இல்லை. விலை குறைவென்று அதை வாங்கிப் பொருத்தினால் தனிக் கார்ட் போடும்வரை திரையில் ஒன்றும் வராது. உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ராமைத்தான் கடன்வாங்கி ஓடுகிறது. ஆகவே 16 ஜிபியை ஒரே துண்டாகப் போடாமல் எட்டும் எட்டுமாக இரண்டு துண்டாகப் போட்டால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் கூடும். ரைசனோடு ஏஎம்4 மதர்போர்ட் எடுத்தவருக்கு, பிறகு காசு சேரும்போது அதே பலகையில் எட்டுக் கோர் புரோசசர் ஏற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. மொத்தத் தொகையில் நூறுக்கு இருபது ரூபாவைப் பவர் சப்ளைக்கும் யூபிஎஸ்ஸுக்கும் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியை மற்றவற்றுக்குப் பங்கிடுங்கள் என்பேன்.

இதைவிட வலுவான மறுப்பு, கழிக்கப்பட்ட அலுவலகக் கணினிகளைப் பற்றியது. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் வகைகள் புதிதாகப் பொருத்துவதில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கின்றன. அவற்றின் பவர் சப்ளையும் தரமானது. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு அது போதும், நல்ல தெரிவும்கூட. இரண்டு விஷயம் பார்த்து வாங்க வேண்டும். 2025 ஒக்ரோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் இப்போது மலிந்து கிடப்பதற்கு ஒரு காரணம் அதுதான். லினக்ஸ் போட்டு ஓட்டச் சம்மதம் என்றால் அதுவும் தடையில்லை. இரண்டாவது, பவர் சப்ளையின் பிளக். இந்தப் பெட்டிகளில் பல, எல்லாக் கடையிலும் கிடைக்கும் 24 முனைப் பிளக்கை ஏற்காது. அந்தக் கம்பனிக்கே உரிய வேறு பிளக் வேண்டும். பவர் சப்ளை எரிந்துபோனால் அதே மொடலுக்கு இன்னொன்று தேடி அலைய வேண்டும். வாங்கும் கடையில் மாற்றுப் பவர் சப்ளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே காசை எண்ணிக் கொடுங்கள்.

பற்றரி உள்ள லப்டொப்பே போதுமே என்பதற்கு, ஊர் ஊராகக் கொண்டு திரிபவருக்குப் போதும் என்பதுதான் பதில். கலியாண வீடியோ வெட்டுபவரும் பக்க வடிவமைப்புச் செய்பவரும் ஒரே மேசையில் எட்டு மணி நேரம் இருப்பவர்கள். குடாநாட்டு வெக்கையில் லப்டொப் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதர்போர்டில் பற்றவைத்த ராம் போனால் மதர்போர்டே போனதாகும். மேசைக் கணினியில் போனதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் பாகங்களை அனுப்புவதும் வழக்கம். புரோசசரும் ராமும் அப்படி வரட்டும். பவர் சப்ளையை மட்டும் இங்கேயே வாங்குங்கள். கனடாவில் சுவரிலிருந்து வருவது 120 வோல்ற். மலிவான பழைய பெட்டிகளின் பின்னால் 115, 230 என்று மாற்றும் சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும். அது 115இல் நிற்க நமது 230 வோல்ற்றில் செருகினால் போட்ட கணமே வெடிக்கும். வாரண்டிக்குத் திருப்பிக் கொடுக்க ரொறொன்ரோவுக்குப் போகவும் முடியாது. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் சில ஆயிரம் ரூபா மலிவாகக் கிடைக்கிறது என்பதற்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். நானூறு கிலோமீற்றர் போய் வரும் செலவு, பாகம் ஒருமுறை பழுதானாலே அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

இவ்வளவும் செய்த பின்னும் எர்த் சரியில்லாவிட்டால் எந்தப் பெட்டியாலும் ஏற்றத்தை நிலத்துக்கு இறக்க முடியாது. குடாநாட்டு மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிசாகப் படிந்திருப்பது. ஆவணி வெயிலில் அது காய்ந்தால் எர்த் கம்பியைச் சுற்றி ஈரமே இருக்காது, மின்தடை ஏறிவிடும். பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாமலும் இருக்கலாம். கேசிங்கைத் தொடும்போது விரலில் சுள்ளென்று இழுத்தால் அதுதான் காரணமாக இருக்கக்கூடும். பாகங்களுக்கு முற்பணம் கட்டுவதற்கு முதல் மின்வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, கணினி வைக்கப்போகும் மூலையிலுள்ள பிளக்கையும் எர்த் கம்பியையும் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.