ஒரு கப் மாவு எத்தனை கிராம்?

கேக் செய்யக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் தடுமாறுவது மைதாவில்தான். 240 மில்லி பிடிக்கும் கப்பில் கரண்டியால் மெதுவாக மாவை அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வந்துவிடும். கால் பங்கு மாவு கூடினால் கேக் வறண்டு போகும். அடுப்பையும் முட்டையையும் குறைசொல்லிப் பயனில்லை.

கப்பும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. ரைஸ் குக்கரோடு தருகிற கப் பெரும்பாலும் 180தான். டேபிள்ஸ்பூன்கூட நமக்கு 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20.

நம் சமையலறைக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-ல் முதலில் வந்தபோது ஆழாக்குக் கணக்குத்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி. அந்தப் படியே ஊருக்கு ஊர் மாறும். 1956-ல் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கடைகளில் கிலோவும் கிராமும் நுழைந்தன. வீட்டிலோ இன்றுவரை அரிசியை டம்ளரில்தான் அளக்கிறோம். அதில் தவறே இல்லை. இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து என்பது விகிதம். எந்த டம்ளராக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே டம்ளர் என்றால் கணக்கு பிசகாது.

ஒரு வீட்டுக் குறிப்பு இன்னொரு வீட்டுக்குப் போகும்போதுதான் சிக்கல். ‘ஒரு கப் இத்தனை கிராம்’ என்று எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. 240 மில்லி கப்பில் தண்ணீர் 240 கிராம், சர்க்கரை சுமார் 200, தேன் 340 வரை. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் உப்பின் பரல்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். அதனால் ஒரு ஸ்பூன் கல் உப்பைவிட ஒரு ஸ்பூன் தூள் உப்பு கூடுதலாகக் கரிக்கும். எடைபோட்டால் இரண்டும் ஒன்றே. வெல்லமும் அப்படித்தான்: தட்டிய வெல்லம் ஒரு கப், துருவிய வெல்லம் ஒரு கப் இரண்டும் ஒரே இனிப்பு தராது.

தராசுக்கும் கண்கட்டு உண்டு. அதிரசத்துக்கு இடிக்கும் ஈரமாவு, ஊறிய அரிசியின் தண்ணீரையும் சேர்த்தே எடை காட்டும். ஊறிய பச்சரிசி தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீரைக் குடித்திருக்கும். மாவை நிறுத்து வெல்லம் போட்டால் பாகு மிஞ்சி, எண்ணெயில் அதிரசம் பிரிந்துபோகும். கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது ஊறப்போடுவதற்கு முந்தைய அரிசிக் கணக்கு.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கப் என்று எழுதினால் அது எத்தனை மில்லி என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மாவு, உப்பு, வெல்லம் மூன்றுக்கும் கிராமையும் சேர்த்துப் போடுங்கள். மாவை அளந்துவிட்டுச் சலிப்பதா, சலித்துவிட்டு அளப்பதா என்பதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.