ஹெபடைடிஸ் சிகிச்சை... கஞ்சிப் பத்தியம் போதுமா?

'ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது' என்று டாக்டர் சொன்ன அன்றே பல வீடுகளில் சமையல் மாறிவிடுகிறது. முட்டை, மீன், எண்ணெய் எல்லாம் நிறுத்தப்படுகின்றன. காலையில் கஞ்சி, மதியம் மோர் சாதம், இரவும் கஞ்சிதான். மஞ்சள் காமாலைக்குப் பாட்டி காலத்தில் இருந்த பத்தியம் இது.

சில வாரங்களில் சரியாகிவிடும் காமாலைக்கு இது பெரிய பாதிப்பைத் தராமல் போகலாம். ஆனால் நாள்பட்ட ஹெபடைடிஸ் அப்படியல்ல. சி வகைக்குப் பெரும்பாலும் 12 வார மாத்திரைகள் போதும். பி வகைக்கோ பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை தேவை. அத்தனை காலமும் பத்தியம் இருந்தால் உடம்பு என்னாகும்?

தசை கரையும்!

சாப்பாட்டில் கிடைக்கும் சர்க்கரைச் சத்தைச் சேமித்து வைத்து, பசிக்கும் நேரத்தில் எடுத்துக் கொடுப்பது கல்லீரல். வைரஸ் பாதிப்பால் அது சுருங்கி, தழும்பேறிவிட்டால் (சிரோசிஸ்) சேமிப்பு குறைந்துவிடும். அந்த நிலையில் ஓர் இரவு வெறும் வயிற்றோடு இருப்பது, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கத் தொடங்கும். தசை குறைந்தால் நோய்த்தொற்றை எதிர்க்கும் பலமும் குறையும்.

எடை மெஷினை மட்டும் நம்பக் கூடாது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் எடை குறையாதது போலவே காட்டும். கையும் தொடையும் மெலிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

என்ன சாப்பிடலாம்?

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். கஞ்சி எப்படிப் போதும்? பருப்பு, சுண்டல், பால், தயிர், முட்டை, மீன், கோழி எனப் பிரித்துச் சாப்பிடலாம். படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும் சாப்பிட்டால் இரவுப் பட்டினியைத் தவிர்க்கலாம். சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்வது அவசியம்.

வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். மது ஒரு சொட்டுகூடக் கூடாது. டாக்டருக்குத் தெரியாமல் நாட்டு மருந்தோ இரும்புச்சத்து மாத்திரையோ எடுக்கக் கூடாது. என்டெகாவிர் மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேர இடைவெளி தேவை.

தனித் தட்டு வேண்டாம்

பல வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கிவிடுகிறார்கள். மனம் நொந்தவருக்குச் சாப்பாடு எப்படி இறங்கும்? பி, சி இரண்டுமே சேர்ந்து சாப்பிடுவதால் பரவுவதில்லை. பி வகை என்றால் குடும்பத்தினர் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாத்திரை வைரஸைப் பார்த்துக்கொள்ளும். உடம்பைத் தேற்ற வேண்டியது வீட்டுச் சாப்பாடுதான். இன்று இரவே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்!