பீட்சா சரக்கும் நம் மளிகைக் கடையும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், கடைக்கு வரும் தாய்மார்கள் பருப்பு, உளுந்து, எண்ணெய் என்று சீட்டைப் படித்துவிட்டுக் கடைசியில் "பீட்சா பேஸ் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். "அதெல்லாம் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பினால் போனது ஒரு பாக்கெட் வியாபாரம் மட்டுமல்ல. பேஸ் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனவர், மாதச் சாமானையும் அங்கேயே வாங்கிவிடுகிறார். செல்போனில் ஆர்டர் போடுகிறவரும் அப்படியே. ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. தெரியாமல் வாங்கி அடுக்கினால் நஷ்டம் என்பதும் உண்மை.

பிறந்த ஊரும் வகைகளும்

பீட்சா பிறந்தது இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரில். அங்கு அது ஏழைத் தொழிலாளிகளின் தெருக்கடை உணவு. 1889-இல் அரசி மார்கரீட்டா அந்நகருக்கு வந்தபோது தக்காளி, வெள்ளை சீஸ், துளசி இனத்து இலை ஆகியவற்றை வைத்துச் செய்து கொடுத்ததால் 'மார்கரீட்டா' என்ற பெயர் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நேப்பிள்ஸ் பீட்சா நடுவில் மெல்லியதாகவும் ஓரம் உப்பியும் இருக்கும். விறகடுப்பில் 400 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017-இல் மரபுச் செல்வமாக அறிவித்தது.

இத்தாலியர் குடியேறிய அமெரிக்காவில் பீட்சா வேறு உருவம் எடுத்தது. நியூயார்க்கில் லொம்பார்டி கடை 1905 முதல் பேர் பெற்றது. அவ்வூர் பீட்சா அகலமாக இருக்கும், மடித்துத் தின்பார்கள். சிகாகோவில் 1943-இல் தொடங்கிய ஊனோ கடையின் பீட்சா ஆழமான தட்டில் செய்வது. டெட்ராய்ட் நகரின் பீட்சா சதுரமானது. ஓரத்துச் சீஸ் முறுகிக் கருத்திருக்கும்.

1958-இல் பீட்சா ஹட்டும், 1960-இல் டாமினோஸும் அமெரிக்காவில் தொடங்கின. இரண்டும் 1996-இல் இந்தியாவுக்கு வந்தன. பன்னீர், குடைமிளகாய் வைத்த பீட்சாவை நம் பிள்ளைகளுக்குப் பழக்கியவை இவைதாம். கடையில் தின்று பழகிய சுவையை வீட்டில் குறைந்த செலவில் செய்யப் பார்க்கும்போதுதான் அந்தக் குடும்பம் நம் கடைக்கு வருகிறது.

கடையில் வைக்க வேண்டியவை

1. பேஸ்: இது ரொட்டி இனம். நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே நல்லது. பழையது முன்னால், புதியது பின்னால் இருக்கட்டும். ஒரு கணக்கு பாருங்கள்: 40 ரூபாய்க்கு வாங்கி 46-க்கு விற்கும் பாக்கெட் ஒன்று வீணானால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஏழு பாக்கெட் விற்க வேண்டும். ஆகவே, தேதி முடிந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பேக்கரியிடமே கொள்முதல் செய்யுங்கள். மொத்த வியாபாரிகளாகிய நாங்களும் இந்தச் சரக்கில் 'விற்றது விற்றதுதான்' என்று இருக்கக் கூடாது.

2. சீஸ்: பீட்சாவுக்கு வேண்டியது மொசரெல்லா. பால் திரளைச் சுடுநீரில் பிசைந்து இழுத்துச் செய்வதால்தான் சூட்டில் நூல் நூலாக நீளுகிறது. சாதாரண சீஸ் கட்டியைத் துருவிப் போட்டால் உருகும், நூல் வராது. பிறகு வாடிக்கையாளர் நம்மைத்தான் குறை சொல்வார். குஜராத்தின் அமுல், நம் பெருந்துறையின் மில்கி மிஸ்ட் ஆகிய இரண்டிலும் மொசரெல்லா வருகிறது. 200 கிராம் பாக்கெட் நான்கு சிறிய பேஸுக்குப் போதும். பாக்கெட்டில் அச்சிட்ட குளிரிலேயே வைக்க வேண்டும். இரவில் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கம் உள்ளவர்கள், அதை மாற்றிக்கொள்ளாமல் சீஸ் வியாபாரத்தில் இறங்க வேண்டாம்.

இதில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்த 'அனலாக்' என்ற சரக்கு மலிவு விலையில் வருகிறது. அதை விற்பது குற்றமல்ல. சீஸ் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். உறையில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். தாவர எண்ணெய் என்று இருந்தால் அது சீஸ் அல்ல. பெரிய கட்டியை வெட்டி, பெயர் இல்லாத கவரில் போட்டு விற்கவே வேண்டாம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான பெயரிட்ட உணவுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பில் இல்லாமல் வாங்கிய சரக்கில் குறை வந்தால், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட நமக்கு வழியில்லை.

3. சாஸ்: பாட்டில் திறக்கும் வரை வெளியில் வைக்கலாம். திறந்தபின் குளிர்பெட்டியில் வைக்கும்படி வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிறிய பாக்கெட்தான் வேகமாக நகரும்.

4. ஆரிகானோ, மிளகாய்ச் செதில்: ஆரிகானோ ஒரு காய்ந்த இலை. அதன் வாசனைப் பொருள் நம் ஓமத்துக்கும் கற்பூரவல்லிக்கும் நெருங்கிய உறவு. கெடாத சரக்கு, ஆனால் வெயில் பட்டால் வாசனை போய்விடும். மிளகாய்ச் செதிலோ நம் சொந்தச் சரக்கு.

5. உறைந்த பீட்சா: இதற்குக் கழிவு 18 டிகிரி குளிரில் இருக்கும் பெட்டி வேண்டும். ஐஸ்கிரீம் கம்பெனி தந்த பெட்டியில் வேறு சரக்கு வைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் மூடியைத் திறக்கக் கூடாது. நிறைந்த பெட்டி ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைக்கும். அடிக்கடி திறந்தால் இந்தக் கணக்கு செல்லாது. இளகியதை மீண்டும் உறைய வைத்து விற்பது வாடிக்கையாளரின் வயிற்றோடு விளையாடுவதாகும். எங்களுக்குத் தெரிந்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர் கோடை மின்வெட்டுக்குப் பின் அப்படி விற்றார். திரும்பி வந்தது ஒரு பாக்கெட்; போனதோ ஒரு கூட்டுக் குடும்பத்தின் மாதக் கணக்கு.

வரி விவரம்

2025 செப்டம்பர் 22 முதல் பீட்சா பேஸுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு முன் 5 சதவீதம் இருந்தது. சீஸுக்கும் சாஸுக்கும் 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆகியது. கம்ப்யூட்டர் பில்லில் பழைய விகிதம் இருக்கிறதா என்று கணக்கரிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த வரியின் பலன் வாங்குபவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது

"எங்க வீட்டில் ஓவன் இல்லையே" என்பவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். கனமான தோசைக்கல்லில் பேஸின் ஒரு பக்கத்தைச் சூடாக்கித் திருப்பி, அந்தச் சூடான பக்கத்தில் சாஸ் தடவி, வதக்கிய காய், சீஸ் தூவி, மூடி போட்டுச் சிறு தீயில் சீஸ் உருகும் வரை வைத்தால் போதும். இதைச் சொல்லத் தெரிந்த கடைக்காரர் பேஸ், சீஸ், சாஸ், ஆரிகானோ நான்கையும் சேர்த்து விற்பார். கூடவே குடைமிளகாயும் வெங்காயமும் போகும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் மாதம் பேஸ், சாஸ், ஆரிகானோ மட்டும் வைத்துப் பாருங்கள். வாரம் எத்தனை விற்கிறது, எத்தனை வீணாகிறது என்று நோட்டில் குறியுங்கள். கணக்கு சரியாக வந்தால் அடுத்து சீஸ். உறைந்த பீட்சாவுக்காகக் கடன் வாங்கிப் பெட்டி வாங்குவது கடைசியில் யோசிக்க வேண்டிய காரியம். தெரு வாடிக்கையாளரின் முகம் தெரிந்து, அவர் கேட்கும் சரக்கை நல்லதாகக் கொடுப்பதே நம் பலம். அந்தப் பலத்தைப் பீட்சா சரக்கிலும் நாம் காட்ட முடியும்.