குடிசார் உரிமைக் கொள்கையில் தொலைநிலைச் சமூகப்பணிக் களப்பயிற்சி

குடிசார் உரிமைக் கொள்கையில் தொலைநிலைச் சமூகப்பணிக் களப்பயிற்சி என்பது, ஐக்கிய அமெரிக்காவில் சமூகப்பணி பயிலும் மாணவர் ஒருவர், இனம், பால், மாற்றுத்திறன் முதலியவை சார்ந்த சமவுரிமைக்காகச் செயற்படும் ஓர் அமைப்பின் கொள்கைப் பணியில், அதன் அலுவலகத்துக்குச் செல்லாது இணையம், தொலைபேசி வழியாகப் பங்குகொண்டு பெறும் பயிற்சி ஆகும். இது தன்னார்வப் பணி அன்று; பட்டத்துக்குக் கட்டாயமான பாடப்பகுதியாகும்.

பின்னணி

அமெரிக்கச் சமூகப்பணிக் கல்வி 1898 இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கோடைகாலப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. குடிசார் உரிமைகளுடன் இத்துறைக்குள்ள தொடர்பும் பழையதே. நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் தோன்றக் காரணமான 1909 ஆம் ஆண்டு அழைப்பில் ஜேன் ஆடம்ஸ் கையொப்பமிட்டார். தேசிய நகர்ப்புறக் கழகத்தை 1961 முதல் 1971 வரை வழிநடத்திய விட்னி யங், சமூகப்பணியில் பட்டம் பெற்றவர்.

பயிற்சி நேரம்

சமூகப்பணிக் கல்விக் குழுவின் தரவிதிகளின்படி இளநிலை மாணவர் 400 மணிநேரமும் முதுநிலை மாணவர் 900 மணிநேரமும் களப்பயிற்சி பெறவேண்டும். வாடிக்கையாளருடனான நேரடித் தொடர்பில் எண்ணிமத் தொழில்நுட்பம் வழியான தொடர்பும் அடங்கலாம் என்று 2015 ஆம் ஆண்டு விதிகளே கூறியிருந்தன. எனினும் தொலைநிலைப் பயிற்சி பரவலானது 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றுக் காலத்திலேயே. அப்போது தேவையான நேரம் 85 விழுக்காடாக, அதாவது முறையே 340, 765 மணிநேரமாகக் குறைக்கப்பட்டது. இச்சலுகை தற்காலிகமானது, 2022 ஆம் ஆண்டு விதிகளில் பழைய அளவே உள்ளது.

பணியின் இயல்பு

சட்டமுன்வரைவுகளைப் படித்துச் சுருக்குதல், கொள்கைக் குறிப்பு எழுதுதல், அரசுத் துறைகள் வெளியிடும் விதி வரைவுகளுக்குப் பொதுமக்கள் கருத்துரையாக அனுப்ப வேண்டியதை வரைதல் ஆகியன மாணவரின் வழமையான பணிகள். இவற்றுக்கு அலுவலக மேசை தேவையில்லை. எடுத்துக்காட்டாக, 1965 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின்படி சில மாநிலங்கள் தமது தேர்தல் விதிகளை மாற்றுமுன் நடுவண் அரசின் ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தது. எந்த மாநிலங்கள் என்று தீர்மானித்த பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 இல், செல்பி கவுண்டி வழக்கில், செல்லாததாக்கியது. அதன்பின் ஒரு வாக்குச்சாவடி மூடப்பட்டால் அதை யாரேனும் தேடித்தான் அறியவேண்டும். உள்ளூர்த் தேர்தல் அவைகளின் கூட்டக் குறிப்புகள் இணையத்தில் கிடைக்குமிடத்து, வேறொரு மாநிலத்திலுள்ள மாணவரும் அதைச் செய்யலாம்.

இத்தகைய அமைப்புகளில் பெரும்பாலும் வழக்கறிஞர்களே மேற்பார்வையாளர்கள். களப் பயிற்றுநர் சமூகப்பணிப் பட்டதாரியாக இருக்கவேண்டும் என்பது விதி. அவ்வாறு ஒருவர் இல்லாதபோது சமூகப்பணி நோக்கை வலியுறுத்தும் பொறுப்பு கல்வி நிறுவனத்தைச் சேரும்.

சிக்கல்கள்

வாசிங்டனில் குடியேற இயலாதோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இம்முறை வாய்ப்பளிக்கின்றது. ஆனால் சட்டப் பிரிவுகளை நன்கறிந்தும், அவற்றால் பாதிக்கப்பட்ட ஒருவரையேனும் சந்திக்காமலே பயிற்சி முடியக்கூடும். இது சிறிய குறையன்று.

ஊதியம் மற்றொரு சிக்கல். பெரும்பாலான களப்பயிற்சிகளுக்கு ஊதியம் இல்லை; 900 மணிநேரம் என்பது வாரம் 40 மணிவீதம் 22 வாரங்களுக்கும் மேலாகும். அந்நேரத்துக்கும் மாணவர் கல்விக் கட்டணம் செலுத்துகின்றார். தொலைநிலை முறை பயணச் செலவைக் குறைக்குமேயன்றி இதைத் தீர்க்காது. தாம் பணிபுரியும் இடத்துப் பணியையே, வரையறுத்த திறன்களோடு பொருந்துமாயின், பயிற்சி நேரமாகக் கொள்ள 2022 ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. இதனால் பயன்பெறுவோர் ஏற்கெனவே அத்தகைய வேலையில் இருப்போரே.