பழைய பட்டாள வண்டிக்குப் புத்துயிர்



1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், கிள்ளானுக்குத் தெற்கே உள்ள மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் தரப்பின் இந்தியப் படைப்பிரிவுகள் வந்து இறங்கின. ஜப்பான் முன்பே சரணடைந்துவிட்டதால் சண்டை நடக்கவில்லை. ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய வண்டிகள் பல கரையேற முடியாமல் நின்றுவிட்டன. மேலே மணலாகத் தெரிந்த தரைக்கு அடியில் சேறு இருந்தது. எத்தனை சக்கரம் இழுத்தாலும், தரை தாங்காவிட்டால் வண்டி நகராது என்பதற்கு மோரிப் ஒரு பாடம்.

போர் முடிந்ததும் இத்தகைய வண்டிகள் ஊருக்குள் வந்தன. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 600,000-க்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. 1948-இல் லேண்ட் ரோவர் வந்தது. அதே ஆண்டில் நம் நாட்டில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் இராணுவமும் போலீசும் மட்டுமல்ல, தோட்டத்துத் துரைமாரும் இவ்வண்டிகளில்தான் செம்மண் பாதைகளைக் கடந்தார்கள். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் காணலாம். அப்படி ஒன்று நம் வீட்டுப் பின்புறத்துக்கு வந்து சேர்ந்தால் என்ன செய்வது? அதைத்தான் இன்று கவனிக்கப் போகிறோம்.

முதலில், இந்த வண்டி எப்படி இயங்குகிறது? சாதாரண லோரியில் இயந்திரத்தின் சக்தி கியர் பெட்டி வழியாகப் பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். பட்டாள வண்டியில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. அது சக்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு தண்டு வழியாக முன்னுக்கும், மற்றொரு தண்டு வழியாகப் பின்னுக்கும் அனுப்புகிறது. மேட்டில் மெதுவாக, ஆனால் பலமாக ஏறுவதற்கு அதிலேயே ஒரு தாழ்ந்த கியரும் இருக்கும்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும். பின் சக்கரங்கள் சிறிய வட்டம் போடும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டி ஓட்டினால், சேற்றில் சக்கரம் சற்று வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. தண்டுகள் முறுக்கேறி, பல் சக்கரங்கள் உடையும். ஆகவே இந்தப் பழைய வண்டிகளை நல்ல சாலையில் பின் சக்கர இழுவையில் மட்டுமே ஓட்ட வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். ஸ்பானரைத் தொடுமுன் தாளைத் தொடுங்கள். வண்டிக்குக் கிராண்ட் உண்டா, இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் அதில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் பணம் கொடுக்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரியுங்கள். பதிவு செய்ய முடியாத வண்டிக்குக் கொட்டிய பணம் ஆற்றில் போட்ட பணம்.

அடுத்தது அடிச்சட்டம். போருக்குப்பின் இங்கிலாந்தில் எஃகு தட்டுப்பாடாக இருந்ததால் லேண்ட் ரோவரின் மேல்தகட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது இரும்பைப் போல் துருப்பிடிக்காது. அடிச்சட்டமோ எஃகு. மேலே பளபளப்பு, கீழே ஓட்டை என்பது சர்வசாதாரணம். சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நலம், மந்தமாக ஒலித்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது. சாயம் பூசுவது கடைசி வேலை.

நெடுநாள் நின்ற இயந்திரத்தை உடனே முடுக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, சில நாள் ஊறிய பின் கையால் சுற்றிப் பாருங்கள். காலியான பெட்ரோல் தொட்டியை வீட்டில் வெல்டிங் செய்யவே வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

பிரேக்கில் பெரும்பாலும் ஒரே குழாய்த் தொடர்தான் இருக்கும். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பிரேக் எண்ணெய் தீர்ந்ததென்று இயந்திர எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு இது புரியும்: ரப்பரில் பெட்ரோலியப் பொருள் பட்டால் அது ஊதிப் பெருத்து இளகும். பிரேக்கினுள் இருக்கும் ரப்பர் வளையங்களுக்கும் அதே கதிதான். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது சக்கரம். பட்டாள வண்டிகள் பலவற்றின் சக்கர வளையம் இரண்டு துண்டாகவோ, பூட்டு வளையம் போட்டதாகவோ இருக்கும். காற்று உள்ளபோது அவற்றின் நட்டைத் தவறாகத் தளர்த்தினால், இரும்பு பீரங்கிக் குண்டுபோல் பாயும். வால்வின் உட்பகுதியைக் கழற்றி, காற்று முழுவதும் போனபின்தான் நட்டில் கை வைக்க வேண்டும். காற்று நிரப்புவதை இரும்புக் கூண்டு உள்ள டயர் பட்டறையில் செய்வதே நல்லது. அதுபோல, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையாதீர்கள். இரும்புத் தாங்கி வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு அணை கொடுங்கள். செங்கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள். அது சட்டென்று நொறுங்கும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று வீட்டுப் பெண்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மாத வரவில் குடும்பச் செலவு போக மிஞ்சுவதை மட்டும் இதற்கென ஒதுக்கி, செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மிஞ்சாத மாதம் வண்டி காத்திருக்கட்டும்.

அந்தக் காலத்தில் செந்தூல் இரயில்வே பட்டறையில் இரும்பு வேலை பழகியும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தும் நம்மவர் பலர் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். இன்று கைத்திறன் மட்டும் போதாது, சான்றிதழும் கேட்கிறார்கள். பழைய வண்டியில் கை பழகிய மகனையோ மகளையோ வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கு அனுப்பி, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழைப் பெறச் செய்யுங்கள். வண்டி என்றைக்காவது மீண்டும் நின்றுபோகலாம். கற்ற தொழில் பிள்ளையோடு கூடவே வரும்.