துறைமுகத்து விண்மீன்கள்

ஹாங்காங் தீவிற்கும் எதிர்க்கரையாகிய கவுலூனுக்கும் இடையே விக்டோரியாத் துறைமுகம் விளங்குகின்றது. அதனைக் கடக்கும் பயணப் படகுகளை 1888ஆம் ஆண்டில் தொடங்கியவர் தொராப்ஜி நௌரோஜி என்னும் பார்சி வணிகர். 1898இல் அந்நிறுவனம் ‘ஸ்டார் பெர்ரி’ எனப் பெயர் பெற்றது. ‘ஸ்டார்’ என்பது விண்மீன். ஒவ்வொரு படகின் பெயரிலும் அச்சொல் உண்டு.

பச்சையும் வெண்மையும் பூண்ட இப்படகிற்கு முன்பின் என்னும் வேறுபாடு இல்லை. இருமுனைகளிலும் மாலுமி நின்று செலுத்தும் இடம் இருத்தலால், கரையடைந்த படகு திரும்பாமலே மீளும். பயணிகளும் இருக்கையின் சாய்மானத்தை மறுபுறம் தள்ளி, செல்லும் திசை நோக்கி அமர்வர்.

அக்கரை சேரச் சில நிமிடங்களே ஆகும். சுற்றுலா வருவோர்க்கு அது கண்கொள்ளாக் காட்சி. உழைப்பவர்க்கோ அன்றாட வழி. 1966இல் முதல் வகுப்புக் கட்டணத்தை 20 சென்டிலிருந்து 25 சென்டாக உயர்த்த முற்பட்டபொழுது, ஏனைய விலைகளும் ஏறுமென மக்கள் அஞ்சினர். இளைஞர் ஒருவர் படகுத்துறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். பின்னர்க் கலகமும் மூண்டது. 5 சென்டின் அருமை, எண்ணிச் செலவிடுவோர்க்கே விளங்கும்.

1972இல் கடலடிச் சாலையும், 1980இல் கடலடி இருப்புப்பாதையும் திறக்கப்பெற்றன; படகுகளோ நின்றுவிடவில்லை. மாணவர்களே, அவற்றில் ஏறும் வாய்ப்பு வாய்ப்பின், கரையின் அழகை மட்டுமன்றி, அருகில் அமர்ந்து வீடு திரும்புவோரையும் நோக்குங்கள்.