வாயைத் திறக்கும் முன், வாய் திறந்து கேளுங்கள்



குடும்ப நலம் என்றால் கர்ப்பம், பிரசவம், தடுப்பூசி, அளவான குடும்பம் இவை மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். வாயும் பல்லும் அதில் சேர்ந்தவைதான். பல்லுக்காக ஒரே நாளில் ஒப்புக்கொண்ட செலவு, ஒரு வருடச் சீட்டுப் பணத்தை விழுங்கிவிடக் கூடும். தேவையான சிகிச்சைக்குச் செலவு செய்வது வீண் அல்ல. ஆனால் தேவையற்ற சிகிச்சையில் போவது பணம் மட்டுமல்ல. கடைந்த பல்லும் பிடுங்கிய பல்லும் திரும்ப முளைப்பதில்லை.

திற்பரப்பு, குலசேகரம் பக்கத்தில் விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. மனைவிக்குப் பல்லுவலி என்று டவுனுக்குக் கூட்டிப் போகிறார். வலிப்பது ஒரு பல். ஆனால் அங்கே சொல்வது: "ஆறு பல் கெட்டுப் போச்சு. நாலுக்கு ரூட் கெனால், எல்லாத்துக்கும் கேப். இன்னைக்கே ஆரம்பிச்சா குறைச்சுத் தரலாம், தவணையும் உண்டு." மனைவி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி கிடக்கிறார். அவரால் பேச முடியாது. கணவருக்கு என்ன கேட்பது என்று தெரியாது. கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகிற வேளை இதுதான்.

டாக்டர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், மிகையாகவும் இருக்கலாம். எது என்று அறிய இருவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இந்தத் துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

பல் கெடுவது எப்படி?

பல்லுக்கு மூன்று அடுக்கு உண்டு. வெளியே கெட்டியான எனாமல். அதற்குள் சற்று மென்மையான டென்டின். நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ். நாம் தின்னும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலை மெல்ல மெல்ல அரிக்கிறது. சொத்தைக்குக் காரணம் இதுதான், புழு அல்ல. முன்பெல்லாம் திருவிழாச் சந்தைகளில் பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டிக் காசு வாங்குவார்கள். அது கைவித்தை. கண்ணால் பார்க்க முடியாத இடத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், மனிதன் காசைக் கொடுத்துவிடுவான்.

எனாமல் மட்டத்தில் வெள்ளைப் புள்ளியாக உள்ள சொத்தை, ஃபுளோரைடு பற்பசையாலும் இனிப்பைக் குறைப்பதாலும் மேலும் வளராமல் நிற்கக்கூடும். குழி விழுந்துவிட்டால் அடைக்க வேண்டும். கிருமி கூழை எட்டிவிட்டால் அடைப்பு போதாது. வேர்ச் சிகிச்சை அல்லது பிடுங்குதல் தேவைப்படும்.

எது எப்போது தேவை?

பல் அடைத்தல்: குழி விழுந்திருந்தால் வேண்டும். வெற்றிலை, புகையிலை, தேயிலை இவற்றால் வரும் கறுப்புக் கறை எல்லாம் சொத்தை அல்ல.

ரூட் கெனால்: சும்மா இருக்கும்போதே விண்விண் என்று தெறிப்பது, இரவில் தூங்கவிடாத வலி, சுடுபானம் குடித்தபின் நெடுநேரம் நிற்கும் வலி, ஈறில் சீழ்க்கொப்புளம் ஆகியவை இதற்கான அறிகுறிகள். எக்ஸ்-ரேயில் வேர் நுனியில் நிழல் தெரியலாம். சில வேளை கூழ் செத்துப்போய் வலியே இல்லாமலும் இருக்கும். ஆகவே "வலி இல்லேல்லா" என்று மட்டும் சொல்லி மறுத்துவிட வேண்டாம். எக்ஸ்-ரேயைக் காட்டச் சொல்லுங்கள்.

கேப்: ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் தேவைப்படும். நல்ல பல்லுக்குக் கேப் போட வேண்டுமானால் அதைச் சுற்றிலும் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஆகவே காரணம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

பாலம் கட்டுதல்: ஒரு பல் போன இடத்தில் நிலையான பாலம் கட்ட, வழக்கமாக இரு பக்கத்துப் பற்களையும் தேய்ப்பார்கள். கழற்றி மாட்டும் பல்செட்டும் உண்டு, இம்பிளாண்டும் உண்டு. சில இடங்களில் இடைவெளியை அப்படியே விட்டாலும் பெரிய கெடுதல் இல்லை.

ஞானப்பல்: அடிக்கடி வீங்கினாலும், சொத்தையானாலும், பக்கத்துப் பல்லைக் கெடுத்தாலும் எடுக்க வேண்டும். யாதொரு தொல்லையும் நோயும் இல்லாமல் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்கக் கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது.

பழைய வெள்ளி அடைப்பு: அதில் பாதரசம் உண்டு என்று சொல்லி மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அடைப்பு கெடாமல் இருந்தால், அதற்காக மட்டும் அதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பல் சுத்தம் செய்தல்: இதில் தவறு நம் பக்கம். "சுத்தம் பண்ணினா பல்லு ஆடிப்போவும்" என்று பயந்து பலர் மறுக்கிறார்கள். பல்லை ஆட வைப்பது ஈறு நோய், சுத்தம் அல்ல. காறை மூடியிருந்த ஆட்டம், காறையை எடுத்ததும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். காறை இருந்தால் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு டாக்டரும் வேறு வேறு சொல்வது ஏன்?

1997-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் தம் ஒரே வாயை 50 பல் மருத்துவர்களிடம் காட்டினார். ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் அதை வெளியிட்டது. ஒருவர் 500 டாலருக்கும் குறைவாகச் சொன்னார். இன்னொருவர் ஏறத்தாழ 30,000 டாலர் சொன்னார். இவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று பொருள் இல்லை. ஆரம்பச் சொத்தையை அடைப்பதா, காத்திருந்து பார்ப்பதா என்பதில் நேர்மையான டாக்டர்களுக்குள்ளும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் நேர்மை தவறியவர்களும் உண்டு. நல்ல பற்களை வேண்டுமென்றே உடைத்துக் கேப் போட்டுக் காப்பீட்டுப் பணம் வாங்கிய ஒரு பல் மருத்துவருக்கு, 2022-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நான்கரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

செலவு போகட்டும், ஆபத்தையும் எண்ணிப் பாருங்கள். 2023-இல் நம் தமிழ்நாட்டில், வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றினால் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். திறந்த சலைன் பாட்டிலைத் திரும்பத் திரும்ப உபயோகித்ததையும், சுத்தம் செய்யாத கருவியால் அதைத் திறந்ததையும் 2025-இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. இது அபூர்வம், பல் வைத்தியமே ஆபத்து என்று அஞ்ச வேண்டாம். ஆனால் எந்தச் சிகிச்சையிலும் சிறிது அபாயம் உண்டு. தேவையான சிகிச்சைக்காக அந்த அபாயத்தை ஏற்கலாம். தேவையற்றதற்கு ஏன் ஏற்க வேண்டும்?

சட்டம் யார் பக்கம்?

1995-இல் டில்லியில் 44 வயதுள்ள ஒரு பெண் ரத்தப்போக்குக்காக மருத்துவரிடம் போனார். உள்ளே கருவி விட்டுப் பரிசோதனை செய்ய அவர் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சமீரா கோலி வழக்கு என்று அதற்குப் பெயர். 2008 ஜனவரி 16-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குச் செல்லாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தெளிவான அறிவுள்ள வயது வந்தவருக்காக வேறொருவர் தரும் சம்மதமும் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழி, செய்யாவிட்டால் வரும் விளைவு இவற்றைச் சொல்லிப் பெறுவதே முறையான சம்மதம் என்றும் விளக்கியது.

இந்தத் தீர்ப்பு தம்பதியருக்கு மிக முக்கியம். மனைவியின் பல்லுக்கும் மனைவியின் உடம்புக்கும் சம்மதம் தர வேண்டியவர் மனைவியே. கணவரின் கையெழுத்தோ மாமியாரின் தலையாட்டலோ அதற்கு ஈடாகாது. கணவரின் கடமை பக்கத்தில் நிற்பது. "டாக்டர் சொன்னா கேக்கணும், சும்மா இரி" என்று அடக்குவது துணை அல்ல. "அவ கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க டாக்டர்" என்பதே துணை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எந்தப் பல்? என்ன கேடு? எக்ஸ்-ரேயிலோ கண்ணாடியிலோ காட்டுங்கள்.
2. இந்தச் சிகிச்சையால் என்ன பலன், எத்தனை காலம் நிற்கும்?
3. இதைவிட எளிய வழி, செலவு குறைந்த வழி உண்டா?
4. இப்போது செய்யாமல் ஒரு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்?
5. மொத்தச் செலவு எவ்வளவு? பல் வாரியாக எழுதித் தருவீர்களா?

இவற்றை நாற்காலியில் சாயும் முன்பே கேளுங்கள். "வலி வந்தாலோ சந்தேகம் வந்தாலோ கையைத் தூக்குவேன், நிறுத்த வேணும்" என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மறுப்பது மரியாதைக் குறைவா?

இல்லை. மரியாதையாகவே மறுக்கலாம். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்:

"இன்னைக்கு வலிக்கிற பல்லை மட்டும் பாருங்க டாக்டர். மத்ததை வீட்டில பேசிட்டு பொறவு வாறோம்."

"இன்னைக்கே செஞ்சாத்தான் விலை குறைவுன்னா, அது பல்லுக்கு அவசரமா, விலைக்கு அவசரமா?"

"எக்ஸ்-ரேயும் சீட்டும் தாங்க. இன்னொரு டாக்டரிட்டயும் காட்டிப் பாக்கிறோம்."

பயமுறுத்தல், தள்ளுபடி, உடனடித் தவணைக் கடன், இலவச முகாமில் பார்த்த கையோடு முன்பணம் கேட்பது: இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால், வீட்டுக்குப் போய் ஓர் இரவு தூங்கி எழுந்து முடிவு செய்யுங்கள். தவணைக் கடன் பத்திரத்தில் அன்றே கையெழுத்திட வேண்டாம்.

இரண்டாவது கருத்து எங்கே பெறலாம்?

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். பல் மருத்துவர் உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 104 எண்ணுக்கும் பேசலாம். குலசேகரத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரியும், திருவனந்தபுரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. கல்லூரிகளில் மாணவர்கள், ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள். முதல் டாக்டர் சொன்னதை முன்கூட்டிச் சொல்லாமல், "எங்க வாயைப் பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்பது நல்லது. பார்ப்பவர் பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். படித்து, பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் பாருங்கள்.

தாமதிக்கக் கூடாத வேளை

கேள்வி கேட்பது வேறு. சிகிச்சையைத் தள்ளிப்போடுவது வேறு. முகம் அல்லது தாடை வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம், நிற்காத ரத்தம் ஆகியவை இருந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ கண்டால் உடனே காட்ட வேண்டும். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கி நாள் கடத்த வேண்டாம்.

கர்ப்பிணிப் பெண்களும் பல் சிகிச்சை செய்துகொள்ளலாம். கர்ப்பம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அவசரமல்லாத சிகிச்சைக்கு நடு மூன்று மாதங்கள் வசதியானவை. சீழும் வீக்கமும் இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது.

குறை இருந்தால்

ரசீது, மருந்துச் சீட்டு, எக்ஸ்-ரே, எழுதித் தந்த மதிப்பீடு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகார்க் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அதற்கு 15100 என்ற எண்ணில் பேசுங்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம்.

கடைசியாக ஒன்று. காலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்குவது, தின்பண்டத்தை நேரம் வைத்துத் தின்பது, வெற்றிலையோடு சேரும் பாக்கையும் புகையிலையையும் விட்டுவிடுவது: இம்மூன்றுக்கும் யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டாம், யாருக்கும் தவணை கட்டவும் வேண்டாம்.

நினைவில் கொள்க: வலிக்கும் பல்லைத் தள்ளிப்போடாதீர்கள்; வலிக்காத பல்லுக்கு அவசரப்படாதீர்கள். இருவரும் சேர்ந்து கேளுங்கள், பல்லுக்கு உரியவரே முடிவு செய்யட்டும்.